வெளுத்த விரல்களும் ஒரு பழைய அச்சமும்

1918இல் அமெரிக்காவின் சியர்ஸ் ரோபக் கம்பெனி வெளியிட்ட மின்சாரப் பொருள் பட்டியலில் ஒரு சின்ன வீட்டு மோட்டார் விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு பாகத்தை மாட்டினால் வெண்ணெய் கடையலாம், இன்னொன்றை மாட்டினால் பாத்திரத்தை மெருகேற்றலாம், மற்றொன்றை மாட்டினால் விசிறி சுழலும். அந்த வரிசையிலேயே உடம்பைப் பிடித்துவிட ஒரு வைப்ரேட்டரும் இருந்தது. குடும்பப் பெண்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில், எந்த ஒளிவுமறைவும் இல்லாமல்.

சியர்ஸ் இருந்த அதே சிகாகோவில், ஹல் ஹவுஸ் என்ற சமூகநல இல்லத்தில், ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் குடியிருந்தார். அதே 1918இல் அவர் இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டு என்ற ஊருக்குப் போனார். சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர் அது. பின்னாளில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளிப்புற மேலுறையாகப் போனதும் இண்டியானாக் கல்தான். காற்றழுத்தத்தால் இயங்கும் சுத்தியல்கள் வந்த பிறகு அங்கே கல் செதுக்கும் தொழிலாளர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போவதாகப் புகார் எழுந்திருந்தது. அதை நேரில் பார்க்கத்தான் அவர் போனார்.

வீட்டு வைப்ரேட்டருக்கும் கல் சுத்தியலுக்கும் ஒரே ஒரு ஒற்றுமைதான்: இரண்டும் அதிரும். ஆனால் பெண்களின் அந்தரங்கக் கருவியைப் பற்றி இன்றைக்கும் உலவும் பயம் ஒன்று உண்டு. "பழகினால் மரத்துப்போகும், அப்புறம் எதுவுமே உறைக்காது" என்பார்கள். அந்தப் பயத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கல் சுத்தியலின் சரித்திரம்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம். நான் மதுரையில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர். அதிர்வு உணர்ச்சியை அளப்பது என் அன்றாட வேலை. இந்தச் சரித்திரத்தைத் தேடிப் படித்ததும் அதனால்தான்.

முதலில் ஒரு கட்டுக்கதையை ஒதுக்கிவிடுகிறேன். விக்டோரியா காலத்து மருத்துவர்கள் ஹிஸ்டீரியா வந்த பெண்களை உச்சநிலைக்குக் கொண்டுபோய்க் குணப்படுத்தினார்கள், கை வலித்ததால் வைப்ரேட்டரைக் கண்டுபிடித்தார்கள் என்றொரு கதை உண்டு. 1999இல் ரேச்சல் மெயின்ஸ் எழுதிய புத்தகத்தால் பரவி, 2011இல் சினிமாவாகவும் வந்தது. 2018இல் ஹாலி லீபர்மன், எரிக் ஷாட்ஸ்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் புத்தகம் காட்டிய மூலங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். மருத்துவர்கள் அப்படி வைத்தியம் செய்ததற்கு அவற்றில் சான்றில்லை. லண்டனில் 1880களில் பேட்டரியால் இயங்கும் அதிர்வுக் கருவியைச் செய்த ஜோசஃப் மார்ட்டிமர் கிரான்வில், நரம்பு வலிக்குத்தான் அதைப் பயன்படுத்தினார். பெண்களுக்குப் பயன்படுத்துவதைத் தவிர்த்துவந்ததாக 1883இல் அவரே எழுதிவைத்திருக்கிறார். பாரிஸில் ஷார்க்கோ என்ற நரம்பு மருத்துவர் செய்த அதிரும் நாற்காலியின் கதை இதைவிடச் சுவையானது. நடுக்குவாதக்காரர்கள் ரயிலிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தூரம் குலுங்கி வந்த பிறகு கொஞ்சம் தெம்பாக இருப்பதை அவர் கவனித்தார். அதே குலுக்கலை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவரத்தான் அந்த நாற்காலி.

கட்டுக்கதை ரசமானது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பெண்ணின் உடம்புக்கு என்ன நடந்தது என்று யாரும் அளக்காத இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. மரத்துப்போகும் என்ற பயமும் அப்படித்தான் உட்கார்ந்தது.

பெட்ஃபோர்டில் ஹாமில்டன் கண்டது கற்பனை இல்லை. குளிர்கால விடியலில் தொழிலாளர்கள் கையை நீட்டிக் காட்டினார்கள். விரல்கள் பிணத்தின் விரல்போல வெளுத்திருந்தன. வெள்ளை முடிந்து இயல்பான நிறம் தொடங்கும் இடத்தில் கோடு போட்டதுபோலத் தெளிவான எல்லை. இடது கைதான் அதிகம் கெட்டிருந்தது, ஏனென்றால் உளியை இறுக்கிப் பிடிக்கும் கை அது. வெளுத்திருக்கும்போது தொட்டால் தெரியாது, குத்தினால் தெரியாது. ரத்தம் திரும்பும்போது வலி உயிர் போகும். அதிர்வு, நெடுநேரம் தசையை இறுக்கிப் பிடிப்பது, குளிர் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இதைச் செய்கின்றன என்று அவர் அறிக்கை எழுதினார். அடுத்த வருஷம் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஆசிரியரான முதல் பெண் அவர்தான்.

இதற்கு முன்பே, 1911இல், இத்தாலியில் ஜொவான்னி லோரிகா இதே நோயைப் பதிவு செய்திருந்தார். ஆனாலும் பிரிட்டனில் இதைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்க 1985 ஆயிற்று. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நஷ்டஈட்டுக்கு 1990களில் வழக்காட வேண்டியிருந்தது. கண்ணெதிரே வெளுத்த விரலைக் காட்டிய ஆண்களுக்கே இத்தனை காலம் என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அந்தப் போராட்டத்தால் அதிர்வுக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட கை அதிர்வு, வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டர் என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5ஐத் தாண்டவே கூடாது. இதில் நேரம் எப்படிச் சேருகிறது என்பது முக்கியம். ஒரே அதிர்வை எட்டு மணி நேரத்துக்குப் பதில் பத்து நிமிஷம் மட்டும் பட்டால், கணக்கில் அது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கல் செதுக்குகிறவர் குளிரில் நாள் முழுக்க, வருஷக்கணக்கில் இறுக்கிப் பிடித்தார். படுக்கையறைக் கருவியின் நேரமும் பிடியும் சூழலும் வேறு. இந்த விதி கைக்கானது, உடம்பின் வேறு இடத்துக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் கல் சுத்தியலைக் காட்டிப் பெண்களைப் பயமுறுத்துகிறவர்கள் இந்த நேரக் கணக்கை ஒருபோதும் சொல்வதில்லை.

என் மேஜையில் இருப்பது வினாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவை. உள்ளங்கையின் அடிமேட்டில் தட்டி, கால் பெருவிரல் மூட்டு எலும்பில் அதன் காம்பை வைப்பேன். "அதிருதா? நின்னதும் சொல்லுங்க" என்பேன். நோயாளி "நின்னுருச்சு" என்று சொன்ன நொடியில் அதை என் விரல் மூட்டில் வைத்துப் பார்ப்பேன். எனக்கு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தால் அவர் நரம்பு பின்தங்கியிருக்கிறது. நரம்பு நோயைக் கண்டறிய இசைக்கவையை 1889இலேயே ஜெர்மனியில் ரும்ஃப் பயன்படுத்தினார். 1903இல் ரீடெலும் சைஃபரும் அதில் அளவுக்கோடு போட்டார்கள். இப்போது பயோதீசியோமீட்டர் என்ற மின்கருவியும் உண்டு. வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவோம். 25 வோல்ட் தாண்டியும் காலில் தெரியவில்லை என்றால் புண் வரும் ஆபத்து அதிகம்.

அப்படி ஒரு பரிசோதனைக்குப் பிறகு, ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே ஒரு பெண் தயங்கி நின்றார். நர்ஸ் வெளியே போகும்வரை பேசவில்லை. "தப்பா நெனைக்காதீங்க டாக்டரம்மா. ஒரு மெஷின் வாங்கி வச்சிருக்கேன். முதல்ல மாதிரி இப்ப இல்ல. காலு மதமதன்னு ஆன மாதிரி அங்கயும் ஆயிருச்சோ? மெஷினாலதான் போச்சோ?"

இவ்வளவு சரியாகப் பிரித்துக் கேட்ட கேள்வியை நான் அதிகம் கேட்டதில்லை. சர்க்கரையா, மெஷினா? இரண்டும் "மரத்தல்" என்றுதான் தோன்றும், ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு.

தோலுக்கடியில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகளில் பெரியது பசீனியன் உருண்டை. இத்தாலியில் மாணவராக இருந்த ஃபிலிப்போ பசீனி 1831இல் ஒரு கையை அறுத்து ஆராயும்போது வெறும் கண்ணாலேயே இதைக் கண்டார். வெங்காயம்போல அடுக்கடுக்கான உறை, நடுவில் ஒரு நரம்பு முனை. தொடர்ந்து அழுத்தினால் அந்த அடுக்குகள் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நரம்புக்கு விடாமல் நிறுத்திவிடும், மாறுகிற அசைவை மட்டும் உள்ளே விடும். வினாடிக்கு 200 முதல் 300 அதிர்வுக்குள் இது மிகக் கூர்மை. 1926இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் சோட்டர்மனும் தவளைத் தசையின் ஒற்றை நரம்பிழையில் கேட்டுப் பார்த்தார்கள். தூண்டுதல் மாறாமல் இருந்தால் நரம்பின் துடிப்பு தானாகவே தணிந்தது. ஏட்ரியனுக்கு 1932இல் நோபல் பரிசு.

அதிர்வைத் தொடர்ந்து கொடுத்தால் உணரும் வாசல் கொஞ்சம் உயரும், அதாவது அதே அளவு தெரிய இன்னும் பலமான அதிர்வு வேண்டியிருக்கும். நிறுத்தினால் சில நிமிஷங்களில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். விரல் நுனியில் பலமுறை அளந்து உறுதியான விஷயம் இது. இதில் நரம்புக்கு எந்தச் சேதமும் இல்லை, அதன் இயல்பே அதுதான். வேகமான அதிர்வுக்குப் பழகியபின் மெதுவான அதிர்வு முன்போலவே தெரிவதும் உண்டு, ஏனென்றால் இரண்டையும் வேறு வேறு உறுப்புகள் உணர்கின்றன.

அந்தரங்க உறுப்பில் இன்னொரு வகையும் உண்டு. 1860இல் வில்ஹெல்ம் கிரௌசெ கண்ட சிறு உருண்டைகள் அவை. என்ன செய்கின்றன என்று நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் தெளிவாகாமலே கிடந்தது. 2024இல்தான் ஹார்வர்டில் டேவிட் கின்ட்டியின் ஆய்வகம் எலிகளில் அளந்து காட்டியது: அவை வினாடிக்கு 40 முதல் 80 வரையான மென்மையான அதிர்வுக்குக் கூர்மையானவை. கிளிட்டோரிஸின் நரம்பிழைகளை மனித திசுவில் முறையாக எண்ணியதும் 2022இல்தான். பத்தாயிரத்துக்கும் மேல் என்று கணக்கு வந்தது. அதுவரை பாடம் சொல்லிவந்தது மாட்டின் திசுவில் எண்ணியதாகக் கருதப்படும் எட்டாயிரம் என்ற எண்ணை. மருத்துவம் படித்த எனக்கு இது அவமானமாகவே இருக்கிறது.

அளக்காமல் கிடந்த அந்த இடைவெளியில்தான் கருவி வீடுகளுக்குள் வந்தது. 1968இல் ஹிட்டாச்சியின் மேஜிக் வாண்ட் கழுத்து, முதுகு வலிக்கென்று வந்தது. நிமிஷத்துக்கு 5000, 6000 சுற்றுகள் என இரண்டு வேகம், வினாடிக்கு ஏறக்குறைய 83, 100 அதிர்வுகள். 1970களில் நியூயார்க்கில் பெட்டி டாட்சன் பெண்களைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துத் தங்கள் உடம்பைத் தாங்களே அறியக் கற்றுக்கொடுத்தபோது இந்தக் கருவியைப் பயன்படுத்தினார். அதிர்வு பலமாக இருந்தால் இடையில் துணியை மடித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். மரத்தலுக்கு நான் அறிந்த முதல் நடைமுறை வைத்தியம் அந்தத் துணிதான். அதைச் சொன்னவர் மருத்துவரில்லை, ஓவியர்.

பிறகுதான் ஆய்வு வந்தது. 2009இல் டெபி ஹெர்பெனிக் குழு அமெரிக்காவில் 18 முதல் 60 வயது வரையான 2,056 பெண்களைக் கேட்டது. 52.5 சதவீதம் பேர் வைப்ரேட்டரைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் 71.5 சதவீதம் பேர் எந்த உபாதையும் ஒருபோதும் வந்ததில்லை என்றார்கள். மரத்தல் இருந்ததாகச் சொன்னவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது குறுகிய நேரத்தில் தீர்ந்திருந்தது. கேட்டறிந்த பதில்தான், கருவி வைத்து அளந்ததில்லை.

கருவி வைத்து அளந்த ஓர் ஆய்வு சைக்கிளைப் பற்றியது. 2006இல் மார்ஷா கெஸ் குழு, போட்டிக்குச் சைக்கிள் ஓட்டும் 48 பெண்களையும், ஓடும் 22 பெண்களையும் எடுத்துக்கொண்டது. அதிர்வு உணர்ச்சியை அளந்தபோது சைக்கிள்காரர்களுக்கு அது குறைந்திருந்தது. சீட்டு நரம்பை மணிக்கணக்கில் அழுத்துகிறது. இந்த மரத்தலுக்காக இன்றைக்குச் சைக்கிள் ஓட்டும் பெண்ணை யாரும் ஒழுக்கம் கெட்டவள் என்பதில்லை. கைப்பிடி சீட்டைவிடத் தாழ்ந்திருந்தால் பாதிப்பு கூடுகிறது என்று அடுத்த ஆய்வில் கண்டு, உயரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனை வந்தது.

அந்தப் பெண்ணிடம் சர்க்கரை அளவையும், சாப்பிடும் மாத்திரைகளையும், மாதவிலக்கு நின்றுவிட்டதா என்பதையும் கேட்டேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஏறியிருந்தது. மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வகை மாத்திரைகளில் பலவும் உணர்ச்சியை மந்தமாக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மெஷினை வேகத்தைக் குறைத்து வைத்து, இடையில் துணி போட்டு, சில நாள் விட்டுப் பார்க்கச் சொன்னேன். விட்டபின் திரும்பி வந்தால் அது பழக்கத்தின் தணிவு. வராவிட்டால் அல்லது ஒரு நாளைத் தாண்டியும் மரத்தே இருந்தால் மெஷினைத் திட்டிக்கொண்டிருக்காமல் வந்து பார்க்கச் சொன்னேன். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி, அதை எழுதிக்கொடுத்த மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன்.

இப்போதெல்லாம் பாதப் பரிசோதனை முடிந்ததும், ஆளில்லாத நேரம் பார்த்து, பெண் நோயாளிகளிடம் நானே அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்: "வேற எங்கயாவது உணர்ச்சி கொறஞ்ச மாதிரி இருக்காம்மா?"