கொடிக்குக் காவல், தொப்புளுக்குச் சாணம்

திருச்சி மலைக்கோட்டைச் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதை ஊரறிந்தது. செட்டிப் பெண் ரத்னாவதிக்குப் பேறுகாலம். துணைக்கு வரவேண்டிய தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட, தாயின் உருவில் சிவனே வந்து பிரசவம் பார்த்தார். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்பவர்கள் இன்றும் அங்கே வாழைத்தார் படைக்கிறார்கள். அந்தக் கதையின் அச்சமெல்லாம் பிள்ளை வெளியே வரும் நேரத்தைப் பற்றியது; அடுத்த ஒரு வாரத்தைப் பற்றியதல்ல. நம் பழைய வழக்கங்களும் அப்படித்தான். உதிர்ந்த தொப்புள்கொடிக்குக் கொடுத்த மரியாதையை, அது உதிர்ந்த இடத்துப் புண்ணுக்கு அவை கொடுக்கவில்லை.

காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கோத்தார்கள். மாடு ஈன்றால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிட்டார்கள். ஆலம்பால் போல மடியில் பால் சுரக்குமாம். நாய் இழுத்துத் தெருவை நாறடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே வீட்டில் குழந்தையின் கொடியை அறுத்தது கைக்குக் கிடைத்த அரிவாளோ மூங்கில் சீவலோ பழைய பிளேடோ. அறுத்த இடத்தில் அப்பியது சாம்பல், சில இடங்களில் சாணம். ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமி குடியிருப்பது மண்ணிலும் சாணத்திலும். ஜப்பானிய ஆய்வாளர் கிடசாட்டோ 1889இல் அதைத் தனியே பிரித்துக் காட்டினார். நன்றாகப் பால் குடித்த பிள்ளை ஒரு வாரத்தில் தாடை இறுகி, வாய் திறக்க முடியாமல், வில்லாக வளைந்தது. வீட்டார் அதைத் தோஷம் என்றார்கள். சில பத்தாண்டுகளுக்கு முன்புகூட இந்தியாவில் இந்நோய் ஆண்டுக்கு 1,50,000 முதல் 2,00,000 பச்சிளம் குழந்தைகளைத் தாக்கிவந்தது.

தொப்புளில் மஞ்சளும் பூசினார்களே, அது கிருமிநாசினிதானே என்று கேட்கலாம். குற்றம் மஞ்சளுடையதல்ல, அதோடு அம்மியிலிருந்தும் கையிலிருந்தும் சேர்ந்து வந்ததுதான் வினை. நாய்க்குட்டியின் தொப்புளுக்கு யார் மருந்து போடுகிறார்கள் என்பது இன்னும் கூர்மையான கேள்வி. தாய்நாய் கொடியைக் கடித்து நசுக்குவதால் ரத்தக்குழாய்கள் தாமே அடைபடுகின்றன; அது குட்டியை நக்கித் துடைக்கிறது; சில நாளில் கொடி உதிர்ந்துவிடுகிறது. அப்படியும் அழுக்குத் தரையில் தொப்புள் சீழ்வைத்துச் சாகும் குட்டிகள் உண்டு. ஒட்டக் கடித்துவிட்டால் குடலே வெளியே வந்துவிடும். அந்தச் சாவுகளை எவரும் எண்ணி வைக்காததால் இயற்கை பிழை செய்யாது என்று நம்புகிறோம். எப்படியானாலும் எந்த நாயும் புண்ணில் சாணம் அப்புவதில்லை.

கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் மருத்துவமனைப் பிரசவமும் சேர்ந்துதான் நிலைமையை மாற்றின. 2015இல் இந்தியா பச்சிளம் குழந்தைகளின் ரணஜன்னியை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. தாயத்து கட்டுங்கள், வாழைத்தாரும் படையுங்கள். கன்றின் தொப்புளை டிங்சர் அயோடினில் நனையுங்கள். குழந்தையின் தொப்புளில் மட்டும், மருத்துவர் சொல்லாத எதையும் வைக்காதீர்கள், உலர விடுங்கள்.