நம்மவர் வீடுகளும் வீட்டுரிமையும்

மனையைக் குறிக்கும் பல சொற்களுள் ‘வீடு’ என்பது ‘விடு’ என்னும் வினையினின்று பிறந்தது. அலைச்சலையும் அலுவலையும் விட்டுத் தங்குமிடம் என்பது அதன் கருத்து. கடல் கடந்து தொழில் நடத்திய நம் முன்னோர்க்கு இப்பொருள் முற்றும் பொருந்தும். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி இக்காலத்தார் பலவாறு புகழ்ந்து பேசுகின்றனர். எனினும் அப்புகழ்ச்சி தூணையும் கதவையும் தரையையும் பற்றியதாகவே நின்றுவிடுகின்றது. அவ்வீடுகள் எவருடையனவாய் இருந்தன, உரிமை எவ்வாறு பகுக்கப்பட்டிருந்தது என்பதை ஆராய்வார் சிலரே. அதனையே ஈண்டு ஒருசிறிது கூறப் புகுகின்றோம்.

1852ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைக் கைக்கொண்டனர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதன்பின் ஐராவதி ஆற்றின் கழிமுகம் உலகிற்கு அரிசி அளிக்கும் களஞ்சியமாயிற்று. காடு திருத்திய உழவர்க்கு வேண்டிய முதலை நம்மவரே பெரிதும் கொடுத்துதவினர். இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது. கடைக்குச் செல்லும் ஆடவர் ஏறத்தாழ மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்புவர். பெண்டிரும் பிள்ளைகளும் ஊரிலேயே இருப்பர். ஆதலின் தொழில் எங்கு நடப்பினும் குடும்பத்தின் அச்சாணி ஊரிலுள்ள வீடே ஆயிற்று.

அவ்வீட்டின் அமைப்பு யாவரும் அறிந்ததே. தெருவினின்று உயர்ந்த முகப்பும் திண்ணையும், அதனையடுத்துப் பட்டாலை, நடுவே வானம் நோக்கிய வளவு, அதனைச் சூழ்ந்த பத்தியும் அறைகளும், பின்னர் இரண்டாங்கட்டு, அடுக்களையுள்ள பின்கட்டு என ஒரு தெருவிற் தொடங்கி மறுதெருவில் முடியும். முகப்பில் நின்று நோக்குவார்க்குப் புறவாசல் வரை நேராகத் தெரியும். கூரை நீர் வளவிற் சொரிய, வேண்டிய அளவு அண்டாக்களில் நிரப்பப்படும். மிகுந்தது வடிகால் வழியே செல்லும். சுண்ணாம்புடன் முட்டை வெண்கரு, கடுக்காய் முதலியன சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சு வெயிலின் வெம்மையை அகத்தே விடாது. அழகுக்கு முன் பயனே எண்ணப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

செல்வம் பெருகப் பெருகப் பாணியும் மாறிற்று. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஜப்பானியப் பூக்கல், பெல்ஜியக் கண்ணாடி ஆகியன கப்பலேறி வந்தன. கானாடுகாத்தானில் 1912இல் முடிவுற்ற அரண்மனை இக்காலத்துச் சிறப்புக்குச் சான்று. 1930க்குப் பின்னரோ சிமெண்டுக் கட்டடமும் மேனாட்டுப் புதுமுறை முகப்பும் புகுந்தன. ஆகவே நாகரிகத்தைத் தழுவுதல் நம்மவர்க்குப் புதிதன்று. ஆனால் முகப்பு எத்துணை மாறினும் உள்ளே வளவு மாறவில்லை. அதற்குக் காரணம் யாது?

வளவு என்பது வெறும் முற்றமன்று. அது உரிமையின் வடிவம். மணம் புரிந்த ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. அப்புள்ளிக்கு வளவில் ஓர் அறை. மணமானபின் சில காலத்தில் ‘வேறு வைத்தல்’ நிகழும். அரிசியும் பாத்திரமும் அளித்து அவர்கள் தனியே உலை வைக்கச் செய்வர். கூரை ஒன்று, உலை பல. வரவு செலவு தனித்தனி, விழாவும் விருந்தும் பொது. ஒருவர் உழைப்பை மற்றொருவர் உண்டு வாழ்ந்தார் என்னும் பேச்சுக்கு இடமில்லை. பிரிந்தவர் வெளியேறினார் என்னும் துயருக்கும் இடமில்லை. கூட்டும் தனிமையும் ஒருங்கே அமைந்த இவ்வேற்பாடே நம் முன்னோர் கட்டிய மெய்யான வீடு எனலாம்.

பின்னர்க் காலம் மாறிற்று. 1930 முதல் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் தீர்க்க இயலாத உழவரின் நிலங்கள் நம்மவர் வசமாயின. 1938ஆம் ஆண்டளவில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு அவ்வாறு சேர்ந்ததாகக் கணக்குண்டு. அது ஆக்கமன்று; பர்மியரின் வெறுப்புக்கு வித்தாயிற்று. நிலமிழந்தவன் துன்பத்தை மறைத்து எழுதுவது வரலாறாகாது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பும், 1948இல் நிலவுடைமைச் சட்டமும், 1963இல் வங்கிகளையும் வாணிகத்தையும் அரசுடைமையாக்கியதும் அங்கிருந்த தொழிலை அழித்தன. பிள்ளைகள் கல்வியும் உத்தியோகமும் நாடிச் சென்னைக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடந்து, திருமணத்திற்கும் படைப்பிற்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகள் பலவாயின.

பத்துப் புள்ளிக்கு வலிமையாயிருந்த கூட்டுரிமை, தலைமுறை கடந்து பலர் கைக்குச் சென்றபோது இடையூறாயிற்று. ஓடு மாற்ற ஒருவர் முன்வந்தால் மற்றவர் கையொப்பம் கிட்டுவதில்லை. எல்லாரும் இசைவதோ பெரும்பாலும் இடித்து விற்பதற்கே. தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளிற் குவிந்திருத்தலைக் காண்பார் மனம் நோவாதிரார். தமிழ்நாட்டில் 1989இலும், இந்தியா முழுமைக்கும் 2005இலும் செய்த சட்டத்திருத்தங்களால் மகளிர்க்கும் பூர்விகச் சொத்தில் பிறப்புரிமை கிடைத்துள்ளது. இது பங்காளிகளின் தொகையைக் கூட்டிற்று என்று சிலர் முணுமுணுப்பர். கணவர் கடல் கடந்திருந்த காலத்து அவ்வீடுகளைக் காத்தவர் பெண்டிரேயன்றோ? அவர்க்குரிய பங்கு காலம் தாழ்ந்து வந்த நீதியே.

இன்று நகரத்தில் தனிவீடோ அடுக்குமாடிப் பகுதியோ வாங்குவார் வங்கிக் கடனை இருபது ஆண்டு செலுத்திச் சொந்தமாக்கிக் கொள்கின்றனர். அதன் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதிக்கின்றனர். சூளையில் வேகாது, கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து நீரில் ஊறி வலுப்பெறும் அக்கல்லுக்கு மதிப்பு உயர்ந்தமை கைவினைஞர்க்கு நன்றே. ஆயினும் புதுவீட்டிற்குக் கல்லைக் கொண்டு சென்று தாய்வீட்டை இடிய விடுதல் பொருந்துமா?

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அப்பெருமை ஓட்டையடைந்த கூரையை மூடாது. ஒவ்வொரு வீட்டாரும் பங்காளிகளின் பட்டியலை எழுதி, மகளிர் பங்கையும் சேர்த்து, பராமரிப்புக்கு ஆண்டுச் சந்தா வகுத்து, முடிவு செய்யும் முறையைப் பத்திரமாகப் பதிவு செய்துகொள்வாராக. காக்க இயலாதார் தம் பங்கை மனமொப்பிக் காக்க வல்லார்க்கு விடுவதும் அறமே. மூத்தோர் உள்ளபோதே இதனைச் செய்தல் வேண்டும். அவர்க்குப்பின் எந்த அறை எவருடையது என்று சொல்ல வளவில் எவரும் இரார்.