'ஃபிக்ஸ்', 'ஃபைனல் ஃபிக்ஸ்'... போதும் பாஸ்! கமிட் மெசேஜுக்கு உயிர் கொடுக்கும் கிட்மோஜி

ராத்திரி ரெண்டு மணி. நேற்றுவரை நன்றாக ஓடிய பேமென்ட் பக்கம் திடீரெனப் படுத்துவிட்டது. எந்த மாற்றத்தால் வந்த வினை என்று பார்க்க கிட் ஹிஸ்டரியைத் திறக்கிறீர்கள். 'ஃபிக்ஸ்', 'அப்டேட்', 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என வரிசைகட்டி நிற்கிறது. யார்றா இப்படி எழுதினதுன்னு பார்த்தா... நீங்களேதான்!

இந்தத் தலைவலிக்கு ஜாலியான ஒரு மருந்துதான் கிட்மோஜி.

கமிட் மெசேஜ் எதுக்கு?

லினக்ஸ் கர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது கிட். கோடில் செய்த மாற்றத்தைப் பதிவு செய்யும்போது, என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுதுவோம். அதுதான் கமிட் மெசேஜ். ஆறு மாசம் கழித்து உங்களுக்கே வழிகாட்டப்போவது அந்த ஒரு வரிதான்.

எமோஜிக்கு என்ன அர்த்தம்?

கார்லோஸ் குவெஸ்டா 2016-ல் தொடங்கிய கிட்மோஜியில், ஒவ்வொரு எமோஜிக்கும் ஒரு அர்த்தம் உண்டு.

* பூச்சி: பிழையைச் சரிசெய்தாச்சு
* மின்னும் நட்சத்திரங்கள்: புது வசதி
* நெருப்பு: கோடையோ ஃபைலையோ நீக்கியாச்சு
* ஆம்புலன்ஸ்: அவசர சிகிச்சை
* பியர் கோப்பைகள்: போதையில் எழுதிய கோடு (நிஜமாவே லிஸ்ட்ல இருக்கு!)

நூறு வரிகளை ஸ்க்ரோல் செய்தாலும் பூச்சியும் ஆம்புலன்ஸும் தனியாகக் கண்ணில் படும்.

எப்படிப் பயன்படுத்துவது?

இது இலவச ஓப்பன் சோர்ஸ் டூல். நோட் ஜேஎஸ் இருந்தால் என்பிஎம் வழியாக இன்ஸ்டால் செய்யலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஹோம்ப்ரூவும் கைகொடுக்கும். வழக்கம்போல 'கிட் ஆட்' கொடுத்துவிட்டு, டெர்மினலில் கிட்மோஜியை கமிட் ஆப்ஷனுடன் ஓடவிடுங்கள். எமோஜி பட்டியல் வரும். தேடித் தேர்ந்தெடுத்து, தலைப்பும் விளக்கமும் டைப் செய்தால் கமிட் ரெடி. இனிட் ஆப்ஷன் மூலம் ப்ராஜெக்ட்டில் ஹூக்காக மாட்டிவிட்டால், வழக்கமான 'கிட் கமிட்' கொடுக்கும்போதே எமோஜி கேட்கும்.

இதை மறந்துடாதீங்க!

எமோஜி அலங்காரம் மட்டும்தான். பூச்சி படத்தைப் போட்டுவிட்டு பக்கத்தில் மறுபடியும் 'ஃபிக்ஸ்' என்று எழுதினால், அந்த ரெண்டு மணி தலைவலி அப்படியேதான் இருக்கும். 'கூப்பன் போட்டால் தொகை இரண்டு முறை கழிவதைச் சரிசெய்தேன்' என்பதுபோல எழுதுங்கள். தலைப்பு 50 எழுத்துகளுக்குள் இருப்பது நல்லது.

ஆபீஸ் ப்ராஜெக்ட் என்றால் டீமிடம் முதலில் பேசிவிடுங்கள். ஒருவர் மட்டும் எமோஜி போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். கடைசி கமிட்டைத் திருத்த 'அமெண்ட்' வசதி உண்டு. ஆனால், புஷ் செய்தபிறகு திருத்தினால் கூட வேலை பார்ப்பவர்களுக்குச் சிக்கல். அதனால் எண்டர் தட்டும்முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். முக்கியமா, அந்த பியர் எமோஜியை மேனேஜர் பார்க்கிற ப்ராஜெக்ட்ல போட்டுடாதீங்க!