கர்நாடக மிஷன், புதுச்சேரி

கர்நாடக மிஷன் என்பது, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு சேசு சபைக் குருமார் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு, அக்காலத்தில் கர்நாடகம் என வழங்கிய ஆர்க்காட்டு நாட்டிலும், அதற்கு வடமேற்கே தெலுங்கும் கன்னடமும் வழங்கிய வறண்ட பீடபூமியிலும் நடத்திய கத்தோலிக்க வேதபோதக நிறுவனமாகும். அதன் சரித்திரத்தை நிர்ணயித்தவை தத்துவ விசாரங்களைக் காட்டிலும் நாள்வழக்கங்களே: சிற்றூரில் தனித்து வாழ்ந்த குரு என்ன உடுத்தார், யார் சமைத்ததை உண்டார், யாருடைய வீட்டினுள் நுழைந்தார் என்பவையே ரோமாபுரி வரை சென்று வழக்காடப்பெற்றன.

தோற்றம். 1688இல் சயாம் நாட்டில் நேர்ந்த அரசியல் புரட்சியால் அங்கிருந்து நீங்கிய பிரெஞ்சு சேசு சபையார் சிலர் புதுச்சேரியை வந்தடைந்தனர். நகரம் 1693இல் டச்சுக்காரர் வசமாகி, 1699இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின், அவர்களுடைய பணி நிலைபெற்றது. மதுரை மிஷனில் நெடுங்காலம் உழைத்து, புதுக்கோட்டைச் சீமையின் ஆவூரில் கோயில் எழுப்பிய ழான் வெனான்ஸ் பூஷே அடிகள் 1703ஆம் ஆண்டளவில் இதன் தலைவரானார். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி வகுத்த சந்நியாச நெறியே புதிய மிஷனுக்கும் விதியாயிற்று.

அன்றாட வாழ்வு. பரங்கியர் என்றாலே மாட்டிறைச்சியும் மதுவும் உண்பவர், ஆசாரமற்றவர் என்று உள்நாட்டார் ஒதுக்கிய காலமாதலால், பட்டணத்தில் கறுப்பு அங்கி தரித்திருந்த குரு, மேற்கே புறப்படுங்கால் காவி தோய்த்த பருத்தியாடையும் பாதக்குறடும் பூண்டு, தம்மை ரோமாபுரிச் சந்நியாசி என்றே அறிமுகம் செய்துகொண்டார். புங்கனூர் முதலாக மேற்கே விரிந்த அந்நிலப்பகுதி, இன்றைய இராயலசீமையில் அடங்குவது. அதன் ஒரு பகுதியாகிய அனந்தபுரம் இந்தியாவிலேயே மிகக் குறைந்த மழை பெறும் பிரதேசங்களுள் ஒன்று. ஏரி வற்றினால் ஊரே இடம்பெயரும் அத்தகைய சிற்றூர்களில், மண்சுவரும் கூரையுமாக அமைந்த குடிலே குருவுக்கு வாசஸ்தலமாகவும் பூசை நிறைவேற்றும் ஆலயமாகவும் விளங்கிற்று.

இறைச்சி, மீன், முட்டை, மது ஆகியவற்றை விலக்கி, சோறும் பருப்பும் கீரையும் பாலும் கொண்ட உணவை நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்டார். சமைப்பவரும் ஊரார் ஆட்சேபியாத குலத்தவராயிருத்தல் வேண்டும். உபதேசியார் முன்சென்று ஊரை ஆயத்தப்படுத்த, குரு பின்சென்று பாவசங்கீர்த்தனம் கேட்டு, ஞானஸ்நானம் அளித்து, வழக்குகளைத் தீர்த்து, மருந்தும் கொடுத்து அடுத்த ஊருக்கு நடந்தார். ஓய்ந்த நேரங்களில் அவர்கள் எழுதியனுப்பிய கடிதங்கள், பிற நாட்டுச் சேசு சபையாரின் கடிதங்களோடு சேர்ந்து, பாரிஸ் மாநகரில் 1702 முதல் 1776 வரை 34 தொகுதிகளாக வெளிவந்தன. வேதங்களின் கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் பெற்று 1730களில் பாரிஸ் அரச நூலகத்துக்கு அனுப்பிய ழான் கல்மெத்தும், துணிச் சாயமிடும் முறையைத் தொழிலாளரிடமே கேட்டறிந்து 1742இல் விவரித்தவரும், சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை 1767இல் பிரெஞ்சு வித்வத் சபைக்கு எழுதியவருமான கேர்தூ அடிகளும் இம்மிஷனைச் சேர்ந்தோரே.

ஆசாரச் சர்ச்சை. 1703இல் பாப்பரசரின் பிரதிநிதியாகப் புதுச்சேரியில் வந்திறங்கிய பின்னாளில் கர்தினாலான தூர்னோன், நோயினால் உள்நாட்டுக் கிராமம் ஒன்றையும் காணாமலே, 1704இல் ஒரு சாசனம் பிறப்பித்தார். ஞானஸ்நானத்தில் உமிழ்நீர் தொடும் சடங்கை நீக்கலாகாது, விக்கிரக உருவம் பொறித்த தாலி கூடாது, தாழ்த்தப்பட்டோர் நோயுற்றால் குரு அவர்தம் வீட்டுக்கே செல்லவேண்டும் என்பன அதன் விதிகள். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இவற்றை உறுதிப்படுத்தவே, தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருமாரை நியமிப்பதாகச் சேசு சபையார் ஏற்றனர். வீட்டு வாயில் திறந்ததேயன்றி, சாதிப் பிரிவினை நீங்கவில்லை. சேசு சபையாரின் புதுச்சேரி ஆலயமாகிய சம்பா கோவிலில் உயர்சாதியாரையும் தாழ்த்தப்பட்டோரையும் பிரித்த சுவர் குறித்து எழுந்த கலகத்தை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஆனந்தரங்கப் பிள்ளை பதிந்துள்ளார்.

சிற்றூரில் சந்நியாசியாய்ப் பணிந்து நடந்தவர்களுடைய சபையே, நகரத்தில் அரசின் துணைகொண்டு வேறு முகம் காட்டிற்று. சம்பா கோவிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் ஆலயத்தை அகற்ற நெடுநாள் முயன்ற அவர்களுடைய எண்ணம், 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் ஆணையால் நிறைவேறிற்று.

பிற்காலம். 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்தபோது சம்பா கோவிலும் அழிந்தது; இன்று மிஷன் வீதியில் நிற்கும் பேராலயம் 1791இல் நிறைவெய்தியது. 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டதால், 1776இல் பொறுப்பு பாரிஸ் அந்நிய வேதபோதக சபையிடம் சேர்ந்தது. அச்சபையைச் சேர்ந்த துபுவா அடிகள், மைசூர் நாட்டில் சந்நியாசி வாழ்வைத் தொடர்ந்து, அம்மைப்பால் குத்துதலையும் பரப்பி, 1823இல் தாயகம் திரும்பினார். அவர் பெயரால் புகழ்பெற்ற இந்து ஆசாரங்கள் பற்றிய நூல் பெரும்பாலும் கேர்தூவின் கையெழுத்துப் பிரதியினின்று எழுந்ததெனப் பிற்கால ஆராய்ச்சி நிறுவிற்று.

பொனான் மேற்றிராணியார் 1844இல் கூட்டிய சங்கம், சுதேசக் குருமாரைப் பயிற்றுதலையும் பள்ளிகளையும் தலையாய கடமைகளாக்கிற்று. அவ்வாண்டிலேயே துப்புயி அடிகள் பெண்கல்விக்கென மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தோற்றுவித்தார். மூசே அடிகளுடன் அவர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி மிஷன் அச்சுக்கூடத்தில் வெளியாயிற்று. 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சத்தில் குருவின் நாள், உபதேசத்தினும் மிகுதியாகக் கஞ்சி வார்ப்பதிலும் அநாதைகளைப் பேணுவதிலும் கழிந்தது. அக்காலத்தே தராஸ் அடிகள் பணியாற்றிய சேத்துப்பட்டுப் பகுதியில் தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்திரளாகச் சபையில் சேர்ந்தனர். ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன் குரு எவர் வாயிலில் தயங்கி நின்றாரோ, அவர்களே கிராமச் சபையின் பெரும்பான்மையினர் ஆயினர்.

முடிவு. 1886இல் புதுச்சேரி அதிமேற்றிராசனமாயிற்று. 1954 நவம்பர் முதல் நாள் நகரம் இந்தியாவின் வசம் வந்தபின், 1955இல் இராயப்பன் அம்புரோஸ் ஆண்டகை முதல் இந்திய அதிமேற்றிராணியாரானார். ஆயினும் உடையாலும் உணவாலும் தமிழரையொத்து வாழ முயன்ற அந்நியர் விட்டுச்சென்ற சாதிப் பிணக்கு, தமிழரே குருமாரானபின்னும் சபைக்குள் தீராத விவகாரமாகவே நீடித்தது.