விடப்படும் ஆறு

மேட்டூரைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு சாரார் 120 அடி, 93.47 டி.எம்.சி. என்று கணக்கு ஒப்பிப்பார்கள். மற்றவர்கள் காவிரியைத் தாயாக்கிக் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். 1934 ஆகஸ்ட் 21க்குப் பிறகு ஆறு என்ற விஷயமே வேறாகிவிட்டது என்பது இரு சாராருக்கும் உறைப்பதில்லை. தஞ்சாவூர்ப் பேச்சில் அது பதிவாகியிருக்கிறது. 'தண்ணி வந்துடுச்சா' என்ற கேள்வியோடு 'தண்ணி விட்டுட்டானா' என்ற கேள்வியும் அங்கே உண்டு. இரண்டாவது கேள்வியில் ஒரு எழுவாய் ஒளிந்திருக்கிறது. நான் பேச விரும்புவது அந்த எழுவாயைப் பற்றி.

கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையும், 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையும் ஆற்றைத் திருப்பின, பங்கிட்டன. தேக்கி வைத்துக்கொள்ளவில்லை. குடகில் மழை பிடித்தால் கலங்கல் வரும். பிந்தினால் குறுவை நாற்றங்கால் பிந்தும். 1924 பிப்ரவரியில் சென்னை அரசும் மைசூரும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டு ஜூலையில் பெருவெள்ளம். மறு ஆண்டு மேட்டூரில் வேலை தொடங்கிற்று. தேக்கத்துக்குக் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் கிடைத்தது. மூழ்கிய ஊர்களுக்கு ஒரு நந்தியும் ஒரு சர்ச் கோபுரமும் மிச்சம். நீர்மட்டம் இறங்கும்போது அவை தலைகாட்டும், பத்திரிகைகள் படம் போடும். மேலே நந்தி தெரிகிற வருஷத்தில் கீழே குறுவை தெரியாது என்பதை அந்தப் படத்தின் கீழ் யாரும் எழுதுவதில்லை.

ஜூன் 12இல் திறப்பு, ஜனவரி 28இல் மூடல். இந்தத் தேதிகள் பஞ்சாங்கத்தில் கிடையாது. இருந்தும் டெல்டாவின் உண்மையான பஞ்சாங்கம் இவைதான். விதை வாங்குவதும், நகை அடகு வைப்பதும், சில வீடுகளில் கல்யாணமும்கூட இவற்றை ஒட்டித்தான். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12 தவறிப்போயிற்று. 2020இல் கூடிவந்தது. 2022இல் மே 24க்கே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 ஆயிற்று. மேலே கண்ணம்பாடி, பிறகு கபினி, ஹேமாவதி, ஹாரங்கி. ஒரு மதகு திறப்பதற்கு முன் வேறு பல மதகுகள் திறக்க வேண்டும். 1991இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு மேட்டூருக்கு 205 டி.எம்.சி. என்றது. 2007 இறுதித் தீர்ப்பில் பில்லிகுண்டுலுவில் அளந்து 192 என்றாயிற்று. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. தசமப் புள்ளி வரை ஆற்றை அளந்தாயிற்று.

அளவில் வராதது வண்டல். தேங்கிய நீரில் மண் அடியில் படிந்துவிடுகிறது, மதகு வழியே தெளிந்த தண்ணீர் போகிறது. டெல்டா என்பதே வண்டல் போட்ட மேடு. புது மண் வராவிட்டால் வயலுக்கு மூட்டை உரம் வேண்டும், கடலோரத்துக்கு ஈடுசெய்ய எதுவும் இல்லை. கொள்ளிடத்தின் கதி இன்னும் மோசம். அதற்கு உபரிதான் பங்கு. வருஷத்தில் பெரும்பாலும் மணல் (அதற்கும் லாரிகள் வந்துவிடும்), திடீரென்று ஒரு நாள் லட்சக்கணக்கான கன அடி. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தபோது, 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதே ஆண்டில் கடைமடையில் தண்ணீர் வந்துசேரவில்லை என்று சாலை மறியல். இரண்டு செய்தியையும் ஒரே பேப்பரில் படித்தவர்கள் நாம்.

ஆடிப்பெருக்கையும் சொல்ல வேண்டும். பெருகுவதைக் கொண்டாடும் பண்டிகைக்குத் தண்ணீர் விடும்படி மனுக் கொடுக்கிறோம். விட்டதும் உண்டு. விடாத வருஷம் படித்துறையில் குழாய் போட்டுக் குளிப்பாட்டியதும் உண்டு. இதில் உள்ள விபரீதம் நம் கவிஞர்களைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை. அவர்களுடைய காவிரி இன்னமும் 1934க்கு முந்தியது. தானாகப் பொங்குகிறது, தானாக வற்றுகிறது. ஷட்டரை இறக்குகிற லஸ்கர் அதில் இல்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது தலைமடைக்காரன் ராத்திரியில் மடையைப் பிடுங்குவதும் இல்லை. பழைய படிமத்தில் மயங்கியிருப்பதை மரபு என்று சொல்லிக்கொள்வது வசதியானதுதான்.

மேட்டூரோடு சேர்ந்து வந்தது கல்லணைக் கால்வாய். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் வானம் பார்த்துக் கிடந்த நிலம் அதனால் நஞ்சையாயிற்று. பொறியாளர்கள் கால்வாய் என்று எழுதியதை ஜனங்கள் 'புது ஆறு' என்றார்கள். தொண்ணூறு வயது தாண்டியும் அது புது ஆறுதான். அதைப் பற்றி ஒரு நல்ல கவிதை நான் இதுவரை படித்ததில்லை.