முன்வரிசைப் பக்தர்கள்

பஜனை மடங்களில் நீங்கள் கவனித்திருக்கலாம். எல்லோரும் பாடும்போது ஒருவருடைய ஜால்ரா மட்டும் சற்று ஓங்கி ஒலிக்கும். அவர் கண் சுவாமி படத்தின் மேல் இராது. பாகவதர் தம்மைப் பார்க்கிறாரா என்பதிலேயே இருக்கும். இது சில்லறை விஷயம் என்று சிரித்துவிடுகிறோம். ஆனால் பெரிய இயக்கங்களையும் இது அரித்திருக்கிறது. அடையாற்றுப் பிரம்மஞான சபையின் கதையைப் படிக்கும்போது எனக்கு அந்த ஜால்ராச் சத்தந்தான் கேட்கிறது.

ஜாதி, மதம், நிறம் என்ற பேதமில்லாத சகோதரத்துவமே அந்தச் சபையின் முதல் லட்சியம். 1875-ல் நியூயார்க்கில் பிறந்து, 1882-ல் அடையாற்றுக்குக் குடிவந்தது. 1909-ல் அங்கே கடற்கரையில் ஒரு மெலிந்த சிறுவனைக் கண்டார் லெட்பீட்டர். மதனப்பள்ளியில் பிறந்த கிருஷ்ணமூர்த்திதான் அவன். வரப்போகும் ஜகத்குரு இவன் உடலில்தான் எழுந்தருளுவார் என்று அவர் சொல்ல, அன்னி பெசன்ட் அம்மையாரும் நம்பினார். 1911-ல் அதற்கென்றே ஒரு நட்சத்திர சங்கம் தோன்றியது. அங்கத்தினர்கள் மார்பில் வெள்ளி நட்சத்திரம் மின்னியது.

இதற்கிடையே, 1910 முதல் சபையின் பத்திரிகையில் சிறுவனுடைய பூர்வஜன்மக் கதைகள் வெளிவந்தன. ஞானதிருஷ்டியில் கண்டதாக லெட்பீட்டர் சொன்னவை. கதாநாயகனுக்கு 'அல்சியோன்' என்று பெயர். சபையைச் சேர்ந்த பலருக்கும் அதில் வேஷம் உண்டு: ஒரு பிறவியில் தாய், இன்னொன்றில் தம்பி, மற்றொன்றில் மனைவி. அவ்வளவுதான்! நீங்கள் அந்தக் கதையில் வருகிறீர்களா, அல்சியோனுக்கு நீங்கள் என்ன உறவு என்ற விசாரணை அடையாற்றில் கிளம்பிவிட்டது. பேதங்களை உதறிவிட்டு வந்தவர்கள் புதிதாக ஒரு கோத்திரம் தேடிக்கொண்டார்கள்.

1925 ஆகஸ்டில் இது உச்சத்துக்குப் போயிற்று. ஹாலந்தில் கூடியிருந்த முக்கியஸ்தர்கள், சில நாட்களுக்குள்ளேயே தீட்சைப் படிகளை மளமளவென்று ஏறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஜகத்குருவுக்குப் பன்னிரண்டு சீடர்கள் என்று அறிவித்து, அவர்களில் ஏழு பேரின் பெயர்களையும் வெளியிட்டார் பெசன்ட் அம்மையார்.

ஜகத்குரு எங்கே இருந்தார்? கலிபோர்னியாவில், க்ஷயரோகத்தால் வாடிய தம்பி நித்யாவுக்கு அருகில். தம்பி பிழைப்பான் என்று மகான்கள் வாக்களித்ததாக அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. நவம்பர் 13-ல் நித்யா இறந்தான். இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த தமையனுக்குக் கப்பலில் தந்தி கிடைத்தது.

1929 ஆகஸ்ட் 3-ல், ஹாலந்திலுள்ள ஓம்மனில், சுமார் 3,000 அங்கத்தினர்களுக்கு முன்னால் கிருஷ்ணமூர்த்தி சங்கத்தைக் கலைத்தார். எந்த ஸ்தாபனமும் மனிதனைச் சத்தியத்தினிடம் கொண்டு சேர்க்காது என்றார். தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கத்தையும் கடிந்துகொண்டார்.

அந்தச் சீடர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊராரின் ஏளனத்தைத் தாங்கிக்கொண்டு வந்த அவர்களில் பலர், வந்தது வீண்போகவில்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என ஏங்கியிருக்கலாம். குருவின் பார்வை தன்மேல் படவேண்டுமென்று ஆசைப்படுவது குற்றமல்ல. அடுத்தவன்மேல் பட்டதைவிட ஓர் அங்குலம் அதிகமாகப் படவேண்டும் என்று தோன்றும் இடத்தில்தான் பக்தி உத்தியோகமாகிவிடுகிறது.

1986-ல் மறையும் வரை கிருஷ்ணமூர்த்தி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். அங்கேயும் முன்வரிசைக்கு முண்டியடித்தவர்கள் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் மார்பில் குத்த அவரிடம் நட்சத்திரம் இல்லை.