குருவை மறுத்த மாணவரும் ஆட்டுக்குடல் தந்தியும்



கலிலியோ என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? தொலைநோக்கி, வியாழனின் நிலாக்கள், பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம். வகுப்பில் நானும் இவற்றைத்தான் நடத்தினேன். அவருடைய அப்பாவைப் பற்றி நான் நடத்திய பாடப்புத்தகங்களில் ஒரு வரிகூட இருந்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகு நிதானமாகப் படிக்கும்போதுதான் அந்த மனிதர் என்னைப் பிடித்துக்கொண்டார். இன்று அவர் கதை. கொஞ்சம் நீளம்தான், காபியோடு உட்காருங்கள்.

அவர் பெயர் வின்சென்சோ கலிலி. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து இசைக்காரர். அவர் வாசித்தது லூட் என்னும் தந்தி வாத்தியம். பேரிக்காயை நெடுக்காக வெட்டிக் கவிழ்த்ததுபோல் குடம், அதன்மேல் இரண்டு மில்லிமீட்டர் கனம்கூடத் தேறாத மரப்பலகை, கழுத்தின் முடிவில் ஏறக்குறைய செங்கோணமாகப் பின்னால் மடிந்த தலை. அந்தத் தலையில்தான் பிருடைகள் இருக்கும். அரபு நாடுகளின் ஊத் என்ற வாத்தியம் ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் இப்படி உருமாறியது. அரபியில் 'அல் ஊத்' என்றால் மரம் என்று பொருள். அந்தச் சொல்தான் தேய்ந்து லூட் ஆனது. ஊத்துக்கு மெட்டுகள் கிடையாது. ஐரோப்பியர்கள் மெட்டு சேர்த்தார்கள், மீட்டும் குச்சியை விட்டு விரல்களால் வாசிக்கப் பழகினார்கள்.

அந்தக் காலத்து லூட்டுக்குத் தந்தி உலோகம் அல்ல, முறுக்கிய ஆட்டுக்குடல். காற்றில் ஈரம் ஏறினால் சுருதி மாறும், வெயில் வந்தால் மறுபடி மாறும். மேல் தந்தியை அறுந்துபோகாத அளவுக்கு எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்று, மற்றதை அதற்குச் சேர்த்துக்கொள் என்பதுதான் பழைய பாடம். எண்பது வயது லூட் கலைஞர் அறுபது வருடம் சுருதி சேர்த்தே கழித்திருப்பார் என்று ஜெர்மனியின் மாத்தேசன் 1713-இல் கிண்டல் செய்தார். இங்கிலாந்தின் தாமஸ் மேஸ் 1676-இல் எழுதிய புத்தகத்தில், பகலில் லூட்டைப் படுக்கையில் கம்பளிக்கு நடுவே வைத்திருங்கள், ஈரம் அண்டாது என்கிறார். வாத்தியம் உள்ளே இருப்பது தெரியாமல் யாராவது தொப்பென்று படுக்கையில் விழுந்துவிடப் போகிறார்கள் என்ற எச்சரிக்கையும் உண்டு. பிள்ளை வளர்த்த மாதிரிதான் வளர்த்திருக்கிறார்கள்!

மெட்டும் குடல்தான். நம் வீணையில் 24 மெட்டுகளை மெழுகில் பதித்துவிடுகிறோம். லூட்டில் குடல் நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போடுவார்கள், நகர்த்தலாம். ஆனால் ஒரு சிக்கல். ஒரே மெட்டு எல்லாத் தந்திகளுக்கும் குறுக்கே போகிறது. ஒரு தந்திக்குச் சரியாக நகர்த்தினால் பக்கத்துத் தந்தியில் சுரம் பிசகும். ஆகவே அரைச்சுரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால்தான் லூட் ஒத்துப்போகும். இதற்கு வின்சென்சோ 1581-இல் வெளியிட்ட நூலில் எளிய கணக்கு ஒன்றைத் தந்தார். தந்தியின் நீளத்தை 18 பாகமாக்கு, ஒரு பாகம் தள்ளி முதல் மெட்டு. மீதியை மறுபடி 18 ஆக்கு, ஒரு பாகம் தள்ளி அடுத்தது. 60 சென்டிமீட்டர் தந்தி என்றால் முதல் மெட்டு 3.33 சென்டிமீட்டரில் வரும். இப்படிப் பன்னிரண்டு முறை போனால் மீதம் 30.2 சென்டிமீட்டர். மேல் ஸ்தாயிக்குச் சரியாக வேண்டியது 30. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். கணக்குப் பிடித்த பிள்ளைகள் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

இனிதான் கதையின் முக்கியமான இடம்.

வின்சென்சோவின் குரு ஜோசெப்போ சர்லினோ. வெனிஸில் சான் மார்கோ தேவாலயத்தின் இசைத் தலைவர். 1558-இல் அவர் எழுதிய இசை இலக்கண நூல் ஐரோப்பா முழுவதும் மதிக்கப்பட்டது. அந்த மரபு பாராட்டிவந்த கதை ஒன்று உண்டு. பிதாகரஸ் ஒரு கொல்லன் பட்டறையைக் கடந்து போனாராம். சுத்தியல்களின் ஓசை ஒன்றோடொன்று இனிமையாகச் சேர்ந்ததாம். எடை போட்டால் 12, 9, 8, 6. அதே எடைகளைத் தந்திகளில் தொங்கவிட்டபோதும் அதே சுரங்கள் பேசினவாம். 12-க்கும் 6-க்கும் ஒரு ஸ்தாயி வித்தியாசம். அதாவது எடையை இரு மடங்காக்கினால் மேல் 'ச' வந்துவிடும் என்று அர்த்தம்.

கேட்க எவ்வளவு அழகு! நம்பத் தோன்றுவதற்குக் காரணமும் இருக்கிறது. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் உண்மையிலேயே மேல் ஸ்தாயி வரும். நீளத்துக்கு இரண்டு என்றால் எடைக்கும் இரண்டுதானே என்று மனம் தானாகவே சொல்லிவிடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் இதை எழுதிக்கொண்டே வந்தது.

வின்சென்சோ தந்தியில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். எடை இரு மடங்கானபோது ஸ்தாயி வரவில்லை. நான்கு மடங்கானபோதுதான் வந்தது. பஞ்சமம் வர ஒன்றரை மடங்கு போதவில்லை, இரண்டேகால் மடங்கு வேண்டியிருந்தது. புரிகிறதா? எந்த விகிதம் வேண்டுமோ அதன் வர்க்கம். 2-க்கு 4, ஒன்றரைக்கு இரண்டேகால். இரு மடங்கு எடை கட்டினால் வருவது 'ச'-வும் இல்லை, 'ப'-வும் இல்லை, ஏறத்தாழ பிரதி மத்யமம்.

இதை 1589-இல் அச்சிட்டார். நூலின் தலைப்பிலேயே குருவின் பெயர். அதற்கு முந்தைய ஆண்டு சர்லினோ தம் பழைய மாணவருக்குப் பதில் சொல்லி ஒரு புத்தகம் போட்டிருந்தார், அதற்கு மறுபதில் இது. பழைய கதையைத் தாமும் ஒரு காலத்தில் நம்பியிருந்ததாகவும், சோதித்த பிறகே உண்மை தெரிந்ததாகவும் வின்சென்சோ அதில் ஒளிக்காமல் எழுதினார்.

லூட் கட்டுபவருக்கு இந்த வர்க்கக் கணக்கு அன்றாடப் பிரச்சினை. மெல்லிய பலகையால் அதிக இழுவிசையைத் தாங்க முடியாது. நீளத்தையும் கூட்டாமல் கீழ் சுரத்துக்குப் போகவேண்டும் என்றால் தந்தியைத் தடிமனாக்கத்தான் வேண்டும். ஒரு ஸ்தாயி இறங்க இரு மடங்கு தடிமன். தடித்த குடல் தந்தி மந்தமாகப் பேசும். அதனால்தான் கீழ்த் தந்திகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்தாயி மேலே பேசும் மெல்லிய தந்தியை ஜோடியாகக் கட்டினார்கள். பிற்காலத்தில் கழுத்தை நீட்டித் தனியாக நீண்ட தந்திகள் பூட்டிய வாத்தியங்களும் இதனால்தான் வந்தன. பதினோராம் வகுப்பில் சுரமானியை வைத்து நீங்கள் செய்த சோதனை இந்த விதிகளைத்தான் சரிபார்க்கிறது. பிரான்சின் மெர்சென் 1636-இல் அவற்றை முழுமையாக எழுதிவைத்தார்.

மகனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாத்தியத்தில் வருமானம் குறைவு என்பதை அனுபவத்தில் கண்ட அப்பா, மகனை மருத்துவம் படிக்க அனுப்பினார். நம் வீடுகளில் நடப்பதுதான்! மகனோ 1585-இல் பட்டம் வாங்காமலே பல்கலைக்கழகத்தை விட்டு வந்து கணிதத்தில் இறங்கினார். அப்பா தந்தியில் எடை கட்டிக்கொண்டிருந்த நாட்களில் அந்த இளைஞர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கக்கூடும் என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ஒன்று மட்டும் நிச்சயம். 1638-இல் வெளிவந்த கலிலியோவின் கடைசிப் பெரிய நூலில் அந்த நான்கு மடங்கு எடை வருகிறது. கலிலியோ லூட்டும் நன்றாக வாசிப்பார். தம்பி மிக்கலாஞ்சலோ லூட்டையே தொழிலாக்கிக்கொண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாழ்ந்தார்.

முப்பது வருடங்களுக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தக் கதையில் என் மனம் முதலில் போய் நிற்பது சர்லினோவிடம்தான். தாம் சொல்லிக்கொடுத்த பிள்ளை, ஊரறிய அச்சிலேயே தம்மை மறுத்தால் வலிக்காதா? வலிக்கும். வின்சென்சோவின் பேச்சும் மென்மையானது அல்ல, அந்தக் கடுமையை நான் மெச்சமாட்டேன். ஆனாலும் சர்லினோவிடம் சுரமும் விகிதமும் கற்றதால்தானே அவரால் அந்தத் தந்தியின் ஒலியைக் கேட்டு 'இது ஸ்தாயி இல்லை' என்று சொல்ல முடிந்தது? பிதாகரஸ் சொன்னார், குரு சொன்னார் என்று அவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தால் அந்தப் பாடம் வீண். என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் எடை கட்டிப் பார்த்துவிட்டு, "சார், நீங்கள் சொன்னது வேறு, வருவது வேறு" என்று வந்து நின்றால் அதைவிடப் பெரிய குருதட்சிணை எனக்கு வேண்டாம்.

விடுமுறையில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். தூண்டில் நரம்பின் ஒரு முனையை மேசைக் காலில் கட்டி, மறுமுனையை எதிர் விளிம்பு வழியாகத் தொங்கவிட்டு ஒரு சின்ன வாளியைக் கட்டுங்கள். மேசைமேல் நரம்புக்கு அடியில் இரண்டு பென்சில்களை இடைவெளி விட்டு வையுங்கள். வாளியோடு சேர்த்து எடை 1 கிலோ வரும்வரை தண்ணீர் ஊற்றி, பென்சில்களுக்கு நடுவே மீட்டுங்கள். பிறகு 2 கிலோ, அதன்பின் 4 கிலோ. பென்சில்கள் மட்டும் நகரக்கூடாது. என்ன சுரம் வந்தது என்று கீழே எழுதுங்கள். நான் சொன்னதிலிருந்து மாறி வந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்